ஞாயிறும் ஓட வைத்தேன்

எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் சில காலம் காலியாக இருந்தது. குறுவட்டப் போட்டிக்கு மாணவர்களைத் தயார் செய்யும் பொறுப்பை அறிவியல் ஆசிரியரான நான் ஏற்றுக்கொண்டேன். தினமும் மாலையில் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். கோட்டை திறந்ததும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறச் சொல்வேன். "மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பயிற்சியா?" என்று பெருமை வேறு.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 1500 மீட்டரில் குறுவட்டத்தில் முதலிடம் வந்தாள். மாவட்டப் போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. பயிற்சியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினேன். நான்காவது வாரம், "முழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்குது டீச்சர்" என்றாள். தைலம் தேய்க்கச் சொன்னேன். ஓட ஓடச் சரியாகிவிடும் என்றும் சொன்னேன். இரண்டு நாளில் நொண்ட ஆரம்பித்தாள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து எடுத்ததில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. அதற்குள் மாவட்டப் போட்டி முடிந்திருந்தது.

மருத்துவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம் தூங்குற?" என்பதுதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, அம்மாவோடு மாடு கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். இரவு வீட்டுப்பாடம் முடிக்கப் பதினொன்றாகிவிடும். ஐந்து மணி நேரத் தூக்கம். இரண்டு ஆண்டுகள் அவளுக்குப் பாடம் எடுத்த நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

அதன்பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். ஓடும்போது உடல் வலுவடைவதில்லை, தேய்கிறது. தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. சேமித்து வைத்த கிளைக்கோஜன் தீர்கிறது. ஓட்டம் நின்ற பிறகுதான் உடல் பழுது பார்க்கிறது, அப்போதுதான் முன்பைவிடச் சற்று உறுதியாகக் கட்டுகிறது. சோறும் பருப்பும் போதுமான அளவு கிடைத்தால் கிளைக்கோஜன் ஏறக்குறைய ஒரு நாளில் நிரம்பிவிடும். தசைவலி மறுநாளிலிருந்து மூன்றாம் நாள் வரை உச்சத்தில் இருக்கும். மலையில் ஏறுவதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன். மூச்சுக்கு அது உண்மை. தசையை அதிகம் கிழிப்பது இறக்கம்தான்: நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் தொடைத் தசை அதிகம் சேதமடைகிறது. ஞாயிறு ராஜகிரி இறங்கிய பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்கத் தடுமாறியதை நானே பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

எலும்புதான் எல்லாவற்றிலும் மெதுவானது. புதிய சுமை விழுந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்தெடுக்கும். பிறகுதான் புதிதாகக் கட்டும். அரிப்பு சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டும் வேலை மூன்று மாதம் வரை இழுக்கும். ஆகவே பயிற்சியைத் திடீரெனக் கூட்டிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பு இளைத்திருக்கும். அவள் வலி என்று சொன்னதும் அந்த நான்காவது வாரத்தில்தான்.

பழுது பார்க்கும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களை இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிச் சில வாரங்கள் கவனித்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், அவர்களின் விரைவோட்ட நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 ஆகக் குறைந்தது. பதினோரு பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் செலவில்லாத வழி.

ஓய்வெடுத்தால் பின்தங்கிவிடுவோம் என்று பயப்படும் பிள்ளைகளுக்கு நான் நீரஜ் சோப்ராவைச் சொல்வேன். 2019 மே மாதம் முழங்கையில் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு மீதிப் போட்டிகளில் அவர் இறங்கவில்லை. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குத் தகுதி பெற்றார். 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர், தங்கம்.

இப்போது ஞாயிறு முழு ஓய்வு. கோட்டை மாதம் ஒருமுறைதான், அதுவும் மறுநாள் ஓட்டம் கிடையாது. காலையில் பாயிலிருந்து எழுவதற்கு முன் அரை நிமிடம் நாடியை எண்ணி, இரண்டால் பெருக்கி எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் தூங்கிய நேரத்தையும் எழுத வேண்டும். வழக்கமான எண்ணைவிட எட்டு, பத்து கூடியிருந்தால் அன்று நடை மட்டும். தேர்வு பயத்திலும் நாடி ஏறும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, முகத்தையும் பார்க்கிறேன். எலும்பின் ஓரிடத்தில் விரல் வைத்து அழுத்தி வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புகிறேன். மாணவியர் விஷயத்தில் இன்னொன்று: மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால் "ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு போதவில்லை, எலும்பு பலவீனமாகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

அந்த மாணவியின் வீட்டுக்கு நான் போனேன். அவள் அப்பாவிடம் பேசிவிட்டுத் திரும்ப இரவு எட்டாகிவிட்டது. இப்போது பால் ஊற்ற அவர் போகிறார். மூன்று மாதம் கழித்து அவள் மெல்ல நடக்க ஆரம்பித்து, பிறகு ஓடினாள். அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டியில் நான்காவதாக வந்தாள். நாடி நோட்டுகளை வாங்கிப் பார்ப்பது இப்போது அவள் பொறுப்பு. ஆறு மணி நேரம் தூங்கியவன் எட்டு என்று எழுதினால் என்னைவிட அவள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறாள்.