காடி நிறுத்தும் தரையை நாமே போடலாம்

தோட்டத்தை விட்டுச் சொந்த வீட்டுக்கு வந்த நம்மவர்கள் சிலர் காடி நிறுத்தத் தாங்களே சிமெண்டுத் தரை போடுகிறார்கள். நல்ல காரியம். ஆனா, கலக்கச் சுலபமாக இருக்கட்டுமேன்னு தண்ணீரை ஊற்றித் தள்ளிவிடுகிறார்கள். அப்படிப் போட்ட தரை பெருக்கப் பெருக்கத் தூளாகத்தான் வரும்.

சிமெண்டு 1 பங்கு, மணல் 2, கல் 3. மூட்டை 50 கிலோ என்றால் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். மண்ணைக் குத்தி இறுக்கி, 4 அங்குலக் கனம் போடுங்கள். மேலே ஊறிவரும் தண்ணீர் வற்றும்வரை பூச்சுக் கரண்டி படக்கூடாது. அவசரப்பட்டு வெறும் சிமெண்டைத் தூவினால் மேல்தோல் உரிந்துவிடும். தரை இறுகியபின் 7 நாள் ஈரச்சாக்கு மூடுங்கள். அப்போது தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.

“ரப்பர் காட்டில் நடந்த கால்தானே” என்று வெறுங்காலோடு ஈரச் சிமெண்டில் இறங்காதீர்கள். அது தோலை வேகவைத்துவிடும். முதலில் வலியே தெரியாது. பூட்ஸ், கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் உடனே தண்ணீர்விட்டு நன்றாகக் கழுவுங்கள். கொப்பளித்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.