கைக்குழந்தையின் முதல் தீபாவளி, முதல் பொங்கல்

தலை தீபாவளி புதுமணத் தம்பதிக்கு உரியது. அதற்கடுத்த தீபாவளியோ அதற்கும் அடுத்ததோ பல வீடுகளில் கைக்குழந்தைக்கு உரியதாகிவிடுகிறது. நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று புரட்டாசியிலிருந்து தை வரை வரிசையாக விசேஷங்கள். புதிதாகப் பெற்றோரானவர்களுக்கு ஆசையும் பதற்றமும் ஒன்றாகவே வரும். பாட்டி ஒன்று சொல்வார், மருத்துவர் ஒன்று சொல்வார், கைப்பேசியில் வரும் காணொளி மூன்றாவதாக ஒன்று சொல்லும். எதைக் கேட்பது? அன்றைக்குக் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று முதலில் பாருங்கள். இரண்டு மாதக் குழந்தைக்கும் பத்து மாதக் குழந்தைக்கும் தீபாவளி ஒன்றாக இருக்க முடியாது.

பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குப் பண்டிகை என்பதே தெரியாது. பால், தூக்கம், அம்மாவின் உடற்சூடு, இவைதான் அதன் உலகம். ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் அது முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். தூக்கத்தில் தானாக வரும் சிரிப்பு வேறு, உங்கள் முகத்தைப் பார்த்து அது சிரிப்பது வேறு. அந்தச் சிரிப்பு வந்தால், அந்த ஆண்டு வீட்டுக்கு வந்த பெரிய விசேஷம் அதுதான் என்பேன்.

இந்த வயதில் கவனிக்க வேண்டியது வந்து போகும் உறவினர்களைத்தான். ஐப்பசி, கார்த்திகை தமிழ்நாட்டில் மழைக்காலம். சளியும் இருமலும் வீட்டுக்கு வீடு இருக்கும். பெரியவருக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போவது, பச்சிளங்குழந்தைக்கு மூச்சுத்திணறலாக மாறக்கூடும். கக்குவான் இருமலுக்கு எதிரான முதல் தவணை, ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலன்ட் தடுப்பூசியில் ஆறாவது வாரத்தில்தான் கிடைக்கிறது. அதற்கு முன் குழந்தைக்குப் பாதுகாப்பு குறைவு. ஆகவே தூக்குமுன் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். உதட்டோரம் கொப்புளம் இருப்பவர் முத்தமிடவே கூடாது. அந்தக் கிருமி பச்சிளங்குழந்தையின் மூளை வரை போய்ப் பாதிக்க வல்லது. இதைச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மருமகள் சொன்னால் சங்கடம் என்றால் மகன் சொல்லட்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் சூடு 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், அது தீபாவளி இரவாகவே இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

கங்கா ஸ்நானம் பெரியவர்களுக்கு விடியுமுன் நடக்கட்டும். குழந்தைக்கு வெயில் ஏறிய பிறகு, காற்றுப் புகாத அறையில், வெதுவெதுப்பான நீரில் குளியல் போதும். இதமாக எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நல்ல வழக்கம். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். குளித்ததும் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதும் அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்கு ஆகாது. துண்டால் ஒற்றினாலே முடி காய்ந்துவிடும். கண்ணில் மை தீட்டுவதையும் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள், கடையில் விற்கும் சில மைகளில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளங்காலில் வையுங்கள், கை பட்டு வாய்க்குப் போகாது.

இனி பட்டாசு. இந்தியச் சட்டப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டிய ஓசை எழுப்பும் வெடிகளைத் தயாரிக்கவும் விற்கவும் தடை உள்ளது. அந்த வரம்புக்குள் வெடிக்கும் வெடியும் கைக்குழந்தையின் காதுக்கு அதிகம்தான். குழந்தையின் காதுத் துளை சிறியது என்பதால் உள்ளே சேரும் ஓசையின் அழுத்தம் பெரியவருக்கு இருப்பதைவிடக் கூடுதல். பஞ்சு வைத்து அடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பஞ்சு பெரிதாக எதையும் தடுப்பதில்லை, உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்து வேறு. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அதனால் தூரமும் சுவரும்தான் உண்மையான காப்பு. தெருவை ஒட்டிய அறையை விட்டுவிட்டு, வீட்டின் உள்ளறையில் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டுப் படுக்க வையுங்கள். தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் வெடிக்க அனுமதி. அந்த நேரத்துக்குச் சற்று முன்னே பால் கொடுத்து, மடியில் வைத்துக்கொண்டால் குழந்தை பயப்படுவது குறையும். அனுமதி நேரத்தை எல்லோரும் மதிப்பதில்லை என்பதால் நாள் முழுக்கவும் உள்ளறையே நல்லது.

சத்தம் கேட்டதும் குழந்தை இரண்டு கையையும் அகல விரித்துத் தூக்கிவாரிப்போடும். பார்ப்பவர்கள் பயந்துபோய்த் திருநீறு மந்திரிக்கக் கிளம்புவார்கள். இது பிறவியிலேயே இருக்கும் அனிச்சைச் செயல். நரம்பு நன்றாக வேலை செய்வதன் அடையாளம். ஆறு மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும். சொல்லப்போனால் இவ்வளவு சத்தத்துக்கும் குழந்தை அசையவே இல்லை என்றால்தான் செவித்திறனைப் பரிசோதிக்க வேண்டும்.

நான்கு மாதம் ஆகும்போது குழந்தைக்குக் கழுத்து நின்றிருக்கும். அதன் பிறகு குப்புற விழும், விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கும். இப்போது பண்டிகையில் அதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு. கொலுப் படியின் வண்ணங்களையும் குத்துவிளக்கின் சுடரையும் கண் கொட்டாமல் பார்க்கும். ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ கண்ணைக் கசக்கினாலோ அதற்குப் போதுமென்றாகிவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஆளாளுக்குக் கை மாற்றுவதால்தான் இரவெல்லாம் அழுகிறது.

பட்டுப்பாவாடையும் சரிகை வேட்டியும் படம் எடுக்க அழகு. சரிகை உரசினால் மெல்லிய தோல் சிவந்து தடிக்கும். உள்ளே பருத்திச் சட்டை போட்டு, படம் எடுத்ததும் கழற்றிவிடலாம். புதுத்துணியை ஒரு முறை அலசியபின் போடுவது இன்னும் நல்லது.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பண்டிகை நாளில் அன்பால் நடக்கும் தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். பிறந்ததும் சேனை வைப்பது என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் துளிகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியாவின் விதைகள், முதிராத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, அழுகை மெலிந்து, கழுத்துத் துவண்டு, மூச்சு நிற்கும் வரை போகலாம். அந்த விதைகளைச் சாதாரணமாகக் காய்ச்சுவதால் அழிக்க முடியாது. தீபாவளி லேகியத்தில் பல வீடுகளில் தேன் சேர்ப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ‘செரிமானத்துக்கு நல்லது’ என்று விரல் நுனியில் எடுத்துக் குழந்தையின் வாயில் தடவ யாராவது வந்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு தொடங்க வேண்டும். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து இருப்பு அந்த நேரத்தில் குறையத் தொடங்குகிறது, தாய்ப்பால் மட்டும் அதை ஈடுகட்டாது. பொங்கல் சமயத்தில் ஆறு மாதம் நிறைந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், பண்டிகைச் சமையலே குழந்தைக்குரிய சமையல். பானையில் அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்ததும், வெல்லம் போடுவதற்கு முன், ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நன்றாக மசித்து, சில சொட்டு நெய் விட்டு ஊட்டினால் அது குழந்தையின் பொங்கல். ஒரு வயது வரை உப்பும் இரண்டு வயது வரை சர்க்கரை, வெல்லமும் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று பொங்கல் காய்கள் பலவும் மசித்துக் கொடுக்க ஏற்றவை.

முந்திரி, வேர்க்கடலை, சுண்டல், கரும்புத் துண்டு ஆகியவை குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் பொருட்கள் இவைதான். வந்த விருந்தாளி தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் விபத்து நடக்கிறது.

ஏழெட்டு மாதத்துக்கு மேல் தவழும் குழந்தைக்குக் கார்த்திகைதான் ஆபத்தான பண்டிகை. அகல்விளக்கு முழுவதும் தரையிலும் படியிலும் இருக்கும், சுடரைப் பிடிக்கக் கை நீளும். அந்த ஓர் ஆண்டு விளக்குகளைத் திண்ணை உயரத்துக்கு மேலே வையுங்கள், குழந்தையைக் கவனிக்க ஒருவரைத் தனியாக அமர்த்துங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். போகியன்று விடியற்காலைப் புகை வீட்டுக்குள் வராமல் சன்னல்களை முந்தின இரவே சாத்திவிடுங்கள்.

சொந்தபந்தம் கூடும் இடத்தில் தவிர்க்க முடியாத ஒரு பேச்சு உண்டு. “இன்னுமா குப்புற விழல? எங்க வீட்டுப் பேரன் எட்டு மாசத்துல நடந்துட்டான்” என்று ஒரு பெரியம்மா சொல்வார். தாயின் முகம் வாடிவிடும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கு இதற்குப் பதில் சொல்கிறது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தானாக நடப்பது 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்கும் சற்று மேல் வரை. எட்டு மாதத்தில் நடந்த பேரனும் நலம், பதினாறு மாதத்தில் நடக்கும் பேத்தியும் நலம். தவழாமலே நேராக எழுந்து நிற்கும் குழந்தைகளும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும்.

இந்தப் படிநிலைகளைக் கொண்டாடுவதில் தமிழுக்கு நீண்ட பழக்கம் உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையே குழந்தையின் பருவங்களை வரிசையாகப் பாடுவதுதான். ஐந்தாம் மாதத்தை ஒட்டி ஒரு காலை மடக்கித் தலை நிமிர்த்தி அசையும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தை ஒட்டிக் கை கொட்டும் சப்பாணி, ஆண்டு நிறைவை ஒட்டித் தளர்நடை போட்டு வரும் வருகை. இன்றைய மருத்துவர் வளர்ச்சி அட்டையில் குறிப்பவற்றுள் பலவற்றைப் புலவர்கள் பாட்டாகவே வைத்திருக்கிறார்கள். மாதக் கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறுகிறது. குழந்தைகளிலும் அப்படித்தானே.

ஒப்பிட வேண்டாம் என்றால் கவனிக்காமல் விடுங்கள் என்று பொருள் இல்லை. மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்து மாதத்திலும் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் உட்காரவில்லை, பதினெட்டு மாதத்தில் நடக்கவில்லை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, வந்த திறன் ஒன்று மறைந்துவிட்டது என்றால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிந்து பயிற்சி தருவதற்கென்றே அரசு மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் மாவட்டம்தோறும் அமைக்கப்பட்டுள்ளன. சிகிச்சை இலவசம். ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று ஆறு மாதம் காத்திருப்பதால் இழப்பது குழந்தைதான். தடுப்பூசித் தேதியையும் பண்டிகைக்காகத் தள்ளிப்போட வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது புதன்கிழமைகளில் போடப்படுகிறது.

இத்தனையிலும் நாம் மறந்துவிடுவது தாயைத்தான். பிரசவம் முடிந்து உடம்பு தேறாத பெண், இரவு மூன்று முறை எழுந்து பால் கொடுத்துவிட்டு, காலையில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவது எந்தச் சாமியும் கேட்காத நோன்பு. அந்த ஆண்டு பலகாரம் கடையிலிருந்து வரட்டும், அல்லது கணவர் அடுப்படிக்குள் வரட்டும். பால் கொடுக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை அவளுக்கு வேண்டும். கண்ணீரும் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வு. ‘பிள்ளை பெத்தவ அப்படித்தான் இருப்பா’ என்று தள்ளிவிடாதீர்கள்.

குழந்தை பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சளி இருந்தால் அடுத்த வாரம் போங்கள். போனதும் கையைக் கழுவுங்கள், தூங்கும் குழந்தையை எழுப்பச் சொல்லாதீர்கள், அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். பொம்மைக்குப் பதிலாக அந்த வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொண்டு போங்கள்.