தமிழ்நாட்டில் மதுபானச் சில்லறை விற்பனை உரிமம்

தமிழ்நாட்டில் மதுபானச் சில்லறை விற்பனை, 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்படுகிறது. தனியாருக்குக் கடை உரிமம் வழங்கும் முறை 2003 இல் முடிவுக்கு வந்தது. சட்டத் திருத்தத்தின் மூலம் அவ்வுரிமை தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்துக்கு (டாஸ்மாக்) மட்டும் அளிக்கப்பட்டது. மன்றங்களும் நட்சத்திர விடுதிகளும் தம் வளாகத்துக்குள் பரிமாறத் தனி உரிமம் பெறலாம்.

2003 ஆம் ஆண்டு விதிகளின்படி, வழிபாட்டுத் தலங்கள், கல்வி நிலையங்களிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டருக்குள்ளும் பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் பொதுவாகக் கடை அமைக்கக் கூடாது. எனவே கடலூர், சிதம்பரம் நகரங்களில் 50 மீட்டரும், சுற்றியுள்ள சிற்றூர்களில் 100 மீட்டரும் பொருந்தும். 21 வயது நிறையாதவர்களுக்கு விற்பனை செய்யக் கூடாது.

கடலூரை ஒட்டிய புதுச்சேரியில் தனியார் கடைகள் அவ்வரசின் கலால் துறை உரிமத்துடன் இயங்குகின்றன. அங்கு முறையாக வாங்கிய மதுவையும் அனுமதியின்றி முள்ளோடை எல்லையைக் கடந்து கொண்டுவருவது குற்றமாகும். ஏற்றிவந்த வாகனமும் பறிமுதலாகலாம். ஓர் அரசு வழங்கும் உரிமம் அதன் எல்லைக்குள் மட்டுமே செல்லும்.