பல்கலைக்கழக விரிவுரைகள்: பகிரப்படுவதும் விடுபடுவதும்

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முன்னாள் மாணவர்கள் முன்னிலையில் பேராசிரியர் ஜான் மியர்ஷைமர் சுமார் ஒன்றேகால் மணி நேரம் உரையாற்றினார். யுக்ரெய்ன் நெருக்கடிக்கு மேற்குலகமே முதன்மைப் பொறுப்பு என்பது அவரது வாதம். அந்த உரையின் ஒளிப்பதிவைப் பல்கலைக்கழகம் யூடியூபில் வெளியிட்டது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா யுக்ரெய்ன் மீது முழு அளவில் படையெடுத்ததும், அந்தப் பழைய பதிவு உலகெங்கும் பகிரப்படத் தொடங்கியது. இரண்டு கோடி தடவைகளுக்கும் மேலாக அது பார்க்கப்பட்டிருக்கிறது. சர்வதேச உறவுகள் துறை அறிஞர் ஒருவரின் விரிவுரைக்கு இது வியப்பூட்டும் எண்ணிக்கைதான்.

விரிவுரைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் புதிதல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1982 முதல் அறிஞர்களுடனான உரையாடல்களைப் பதிவு செய்தது. கென்னத் வால்ட்ஸ், மியர்ஷைமர் உள்ளிட்டோர் அதில் பங்கேற்றுள்ளனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தனது பாடங்களை இணையத்தில் இலவசமாக அளிக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. யேல் பல்கலைக்கழகம் 2007இல் முழு வகுப்புகளையே ஒளிப்பதிவாக வெளியிட்டது.

மியர்ஷைமர் 'யதார்த்தவாதம்' எனப்படும் சிந்தனை மரபைச் சேர்ந்தவர். நாடுகளுக்கு மேலே அவற்றைக் காக்கக்கூடிய அதிகாரம் எதுவும் இல்லை. ஒரு நாட்டின் உள்நோக்கத்தை மற்றொன்று உறுதியாக அறிய முடியாது. ஆகவே ஒவ்வொரு வல்லரசும் தன் பாதுகாப்பு கருதி மேலும் மேலும் பலம் தேடும் என்கிறது 2001இல் வெளியான அவரது நூல். இதன்படி, நேட்டோ ரஷ்ய எல்லையை நோக்கி விரிவடைந்தால் மாஸ்கோவில் எவர் ஆட்சியில் இருந்தாலும் எதிர்ப்பு எழும்.

இந்த உரையை ஒரு தீர்க்கதரிசனமாகப் பகிர்ந்தவர்கள் பலர். மேற்குலகம் காட்டும் ஆசையை நம்பிச் செல்லும் யுக்ரெய்ன் இறுதியில் சீரழியும் என்று அதில் அவர் எச்சரித்திருந்தார் என்பது உண்மை. ஆனால் அதே உரையில், யுக்ரெய்னைக் கைப்பற்ற முயன்றால் ரஷ்யாதான் நாசமடையும் என்றும், அத்தகைய முயற்சியில் இறங்காத அளவுக்கு புட்டின் புத்திசாலி என்றும் அவர் கூறியிருந்தார். இரண்டு நிமிடத் துணுக்காக வெட்டப்பட்டு வலம் வரும்போது பெரும்பாலும் முதற்கூற்று மட்டுமே மிஞ்சுகிறது. (யுக்ரெய்ன் முழுவதையும் கைப்பற்ற புட்டின் முனைந்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்பது 2022க்குப் பின்னர் மியர்ஷைமர் அளித்துவரும் விளக்கம்.)

விடுபடுவது வேறொன்றும் உண்டு. இதே வாதத்தை அவர் 2014இல் 'ஃபாரின் அஃபேர்ஸ்' சஞ்சிகையில் எழுதியபோது, மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த மைக்கேல் மெக்ஃபால் அதே சஞ்சிகையில் மறுப்பு எழுதினார். நேட்டோ விரிவாக்கத்தை விட புட்டினின் உள்நாட்டு அரசியலே நெருக்கடிக்குக் காரணம் என்றார் அவர். சஞ்சிகை வாசகருக்கு வாதமும் மறுப்பும் கிடைத்தன. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரும் அடுத்த வாரம் எதிர்த்தரப்பைப் படித்தாக வேண்டும். யூடியூபில் வந்து சேரும் நேயருக்கு அந்த அடுத்த வாரம் இல்லை. கோட்பாடு என்பது பல விளக்கங்களுள் ஒன்று என்பது மறைந்து, அதுவே செய்தி போல ஒலிக்கிறது. இதற்குப் பேராசிரியரைக் குறைகூற இயலாது. பதிவுடன் பாடத்திட்டத்தையும் வாசிப்புப் பட்டியலையும் சேர்த்து வெளியிடும் யேல் போன்றவற்றின் முறையே மேலானது.

பதிவுகள் நிலைத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. பெர்க்லி தான் இலவசமாக வெளியிட்டிருந்த, பல துறைகளைச் சேர்ந்த இருபதாயிரத்துக்கும் அதிகமான ஒலி, ஒளிப்பதிவுகளை 2017 மார்ச்சில் பொதுப் பார்வையிலிருந்து விலக்கத் தொடங்கியது. சரியான எழுத்து வரிகள் இல்லாததால் செவிப்புலன் குறைந்தோர் அவற்றைப் பயன்படுத்த முடியவில்லை என்று அமெரிக்க நீதித்துறை அமைச்சு 2016இல் சுட்டிக்காட்டியிருந்தது. புகார் நியாயமானது, ஆனால் குறையைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவைக் காரணம் காட்டி, பல்கலைக்கழகம் எல்லோருக்கும் கதவை அடைத்தது. அந்த எழுத்து வரிகள், அமெரிக்க உச்சரிப்பைப் பின்தொடரத் திணறும் பிறமொழி மாணவர்களுக்கும் துணையாக இருந்திருக்கும்.

2022இன் இறுதியில் நீதித்துறையுடன் எட்டப்பட்ட உடன்பாட்டின் கீழ், தனது இணையவழிப் பாடங்களில் பெரும்பகுதியை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வகையில் திருத்தியமைக்கப் பெர்க்லி ஒப்புக்கொண்டது.