ஸ்டெப்னி மாற்றுவது எப்படி?

நெல்லையிலிருந்து பாபநாசம் செல்லும் சாலையில், சேரன்மகாதேவி, வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்கள் பச்சைப்பசேலென்று விரிந்து கிடக்கும். அவ்விடத்தில் உங்கள் காரின் சக்கரம் ஒன்று காற்றிழந்து உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. என்ன செய்வீர்கள்?

பின்பக்கப் பெட்டியில் ஸ்டெப்னி இருக்கிறதல்லவா? இச்சொல் ஒரு தெருவின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. வேல்ஸ் நாட்டு லானெத்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், 1904-ஆம் ஆண்டில் உபரிச் சக்கரம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஆரக்கால்கள் இல்லாத அந்த வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தின் மேலேயே பொருத்தி ஓட்டலாம். அந்தச் சக்கரம் மறைந்துவிட்டது. தெருப் பெயர் மட்டும் நம் டிரைவர்களின் வாயில் நிலைத்துவிட்டது.

காரை இயன்றவரை சமதளத்தில், கெட்டியான தரையில் நிறுத்துங்கள். கைப்பிரேக்கைப் போட்டு, கியரிலும் விடுங்கள். இது போதாதா என்று கேட்கலாம். போதாது. இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கிறது. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு உண்டு. வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்வது அதுதான். ஒரு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், அது அந்தரத்தில் தாராளமாகச் சுழலும். தரையிலுள்ள மற்றொன்றைக் கியர் பிடித்து வைக்க முடியாது. பின்சக்கரத்தைத் தூக்கினாலோ, கைப்பிரேக்கின் பிடி ஒற்றைச் சக்கரத்தில் மட்டுமே. ஆகவே தூக்கும் சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரான சக்கரத்தின் இருபுறமும் கல் வைப்பது அவசியம். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு செல்லும் மலைச்சாலையில் இதை மறந்தால் கார் ஜாக்கியிலிருந்து சரிந்துவிடும்.

அடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். தூக்கியபின் முயன்றால் நட்டோடு சக்கரமும் சுழலும். அதைவிட மோசம், உங்கள் உந்தலில் கார் ஆடும். சிறு கார்களின் நட்டு ஏறத்தாழ 10 கிலோ-மீட்டர் திருப்புவிசையில் முறுக்கப்பட்டிருக்கும். உங்கள் ஸ்பானரின் நீளம் 25 செ.மீ. என்றால், அதன் முனையில் 40 கிலோ அழுத்தம் தேவை. ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளத்தை 50 செ.மீ. ஆக்கினால் 20 கிலோ போதும். கிணற்றடி ஏற்றமும் இதே நெம்புகோல்தானே!

இனி ஜாக்கி. சிறு காரின் ஒரு மூலையில் சுமார் 250 கிலோ எடை இறங்குகிறது. ஜாக்கியின் அடித்தட்டு 8 செ.மீ.க்கு 10 செ.மீ. என்றால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 3 கிலோவுக்கு மேல் அழுத்தம். ஆற்றுப்பாசன ஈரமண் இதைத் தாங்காது; ஜாக்கி மேலே போவதற்குப் பதில் கீழே போகும். 30 செ.மீ. சதுரப் பலகை ஒன்றை அடியில் வைத்தால் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடும். சேற்று வயலில் பரம்படிக்கும்போது பலகைமேல் நிற்பவர் புதைவதில்லை, கவனித்திருப்பீர்கள்.

ஜாக்கியின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றும்போது உங்கள் கை 125 செ.மீ. தூரம் பயணம் செய்கிறது. கார் ஏறுவது 4 மி.மீ. அளவே என்று கொள்வோம். கணக்குப்படி விசை 300 மடங்காக வேண்டும். திருகின் உராய்வு அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. என்றாலும் 3 கிலோ விசைக்குள் வேலை முடிந்துவிடும். இந்த உராய்வை நஷ்டம் என்று நினைக்காதீர்கள். பாதிக்கு மேல் விழுங்குவதால்தான் கையை எடுத்தபின்னும் ஜாக்கி தானாகக் கீழிறங்குவதில்லை. ஆனால் அது பக்கவாட்டில் சாயாது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உடலின் எப்பகுதியையும் காரின் அடியில் நீட்டாதீர்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரச்சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் கார் அதன்மேல்தான் விழும்.

ஸ்டெப்னியை மாட்டியதும் நட்டுகளின் கூம்பிய முகம் உட்புறம் பார்க்கும்படி விரலாலேயே திருகுங்கள். பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். வரிசையாக முறுக்கினால் சக்கரம் ஒருபக்கம் சாய்ந்து அமர்ந்துவிடும். கடைசி முறுக்கைக் காரை இறக்கியபின் கொடுக்கவேண்டும். மரையில் எண்ணெய் விடாதீர்கள். உராய்வு குறைந்தால் அதே முறுக்குக்குப் போல்ட்டு அளவுக்கு மீறி இழுபடும். நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும் தூரம், அதாவது சுமார் 80 கி.மீ. ஓடியபின் நட்டுகளை மறுபடி சோதியுங்கள்.

டியூப் இல்லாத டயரில் கருவேல முள் தைத்திருந்தால் அதைப் பிடுங்கவேண்டாம். முள்ளே துவாரத்தை ஓரளவு அடைத்திருப்பதால் காற்று மெல்லத்தான் இறங்கும். காற்றை நிரப்பிக்கொண்டு, அடிக்கடி பார்த்தபடி மெதுவாகப் பஞ்சர் கடை வரை போய்விடலாம். புதிய கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் ஒட்டும் சாதனம் மட்டும் தருகிறார்கள். உங்கள் காரில் எது இருக்கிறது என்று இன்றே பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னி இருந்தால் காற்றையும் அளந்துவிடுங்கள். ஓடாமல் படுத்துக் கிடக்கும் டயரிலும் மாதாமாதம் காற்று கசிந்துகொண்டேதான் இருக்கிறது.