சேத்துல சிக்கினா எது காப்பாத்தும்? எடையா, என்ஜின் பலமா, டிரைவர் கையா?

மதுரை: ரெண்டு நாள் மழை வெளுத்து வாங்கினால் போதும். மதுரையைச் சுற்றியுள்ள வயக்காடு, கண்மாய், கரிசல் பாதைகளில் வண்டிகள் மாட்டிக்கொண்டு அல்லாடுவது வாடிக்கை. 50 குதிரைத்திறன் டிராக்டர் அச்சு வரை புதைந்து நிற்கும். அதே வயலில் 3 டன் எடையுள்ள அறுவடை மிஷின் ஹாயாக நெல் அறுத்துக்கொண்டு போகும்.

இது எப்படி? பெரிய என்ஜின் இருந்தால் எதிலும் ஏறிவிடலாம் என்ற நினைப்புதான் பல வண்டிகளைக் கவிழ்க்கிறது. விவரம் தெரியாமல் இறங்கினால் வண்டி மட்டுமல்ல, உயிரும் போகும்.

மனுஷன் காலை விட லேசு

சேற்றில் மொத்த எடை முக்கியம் இல்லை. அந்த எடை எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பதுதான் கணக்கு. 60 கிலோ ஆள் நடக்கும்போது ஒற்றைக் காலில் மொத்த பாரமும் இறங்குகிறது. பாதம் 150 சதுர செ.மீ. என்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 400 கிராம் அழுத்தம்.

3 டன் பெல்ட் மிஷினில் (நம்மூர் பேச்சில் செயின் வண்டி) அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அகலத்தில், ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளத்தில் ரெண்டு பெல்ட் தரையில் படிகிறது. பாரம் பரவிவிடுவதால் ஒரு சதுர செ.மீ.க்கு 200 கிராம் சொச்சம்தான் அழுத்தம். மனுஷன் கால் புதையும் இடத்தில் மிஷின் மிதக்கிறது. வாடகை கூடுதல் என்றாலும் ஈர வயலுக்கு டயர் வண்டியை விட்டு செயின் வண்டியைக் கூப்பிடுவது இதனால்தான்.

கார் டயரில் 30 பவுண்டு காற்று என்றால், தரையில் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 2 கிலோ அழுத்தம். செயின் வண்டியைப் போல பத்து மடங்கு. கார் கண்மாய்க்குள் இறங்கினால் என்ன கதி என்று சொல்லவே வேண்டாம்.

அப்ப எடையே வேண்டாமா?

அதுவும் தப்பு. சக்கரம் தரையைப் பிடிக்க பாரம் வேண்டும். டிராக்டரின் பின் சக்கரத்தில் இரும்பு வெயிட் மாட்டுவதும், டயருக்குள் தண்ணீர் நிரப்புவதும் அதற்காகத்தான். ஆனால் இது காய்ந்த, இறுகிய தரைக்கு. வாடிப்பட்டி, மேலூர் பகுதி பெரியாறு பாசன வயல்களில் தொழி உழவு ஓட்டும்போது வெயிட்டை நம்புவதில்லை. இரும்பு கேஜ் வீல் மாட்டி பாரத்தைப் பரப்பிவிடுகிறார்கள். அதே கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடு நாசம்.

ராணுவம் பல வருஷம் ஓட்டிய மாருதி ஜிப்சியும் இதற்கு நல்ல உதாரணம். எடை சுமார் 1 டன்தான், என்ஜினும் சின்னது. ஆனால் 4 சக்கரமும் இழுப்பதால் வண்டியின் மொத்த பாரமும் பிடிமானத்துக்கு உதவும். மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம்.

பலம் இருந்தும் வீண்

என்ஜின் எவ்வளவு பலமாக இருந்தாலும், டயர் பிடிக்கிற அளவுக்குத்தான் வண்டி நகரும். மிச்ச பலம் சக்கரத்தைச் சும்மா சுற்றவைத்துக் குழி தோண்டும். திருமங்கலம், பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் கரிசல் மண்ணில் இது இன்னும் மோசம். களி மாதிரி ஒட்டி டயர் பட்டன்களை மூடிவிடும். புது டயரும் மொட்டை டயர் ஆகிவிடும்.

ஒரு பக்க சக்கரம் மட்டும் வழுக்கினால், டிபரன்ஷியல் காரணமாக அது வேகமாகச் சுற்றும், மறு சக்கரம் அசையாது. டிராக்டரில் டிபரன்ஷியல் லாக்கை மிதித்தால் ரெண்டும் சேர்ந்து சுற்றும். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது லாக் போடக்கூடாது. லாக் போட்டபடி திருப்பவும் கூடாது.

கை செய்யும் வேலை

நல்ல டிரைவர் இறங்கும் முன்பே நடந்துபோய் பார்ப்பார். கம்பை ஊன்றி, அடியில் கெட்டித் தரை இருக்கிறதா என்று சோதிப்பார். சின்ன கியர் போட்டு, ஒரே சீராக, நடுவில் கிளட்ச் மிதிக்காமல் போவார். வைகை மணல் மாதிரி இடத்தில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் பரந்து தாங்கும். ரோடு ஏறியதும் மறுபடி காற்று அடித்தாக வேண்டும். சக்கரம் சுற்ற ஆரம்பித்த நொடியே ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுப்பதுதான் பெரிய கைத்திறன்.

ஒன்றரை விநாடியில் விபரீதம்

டிராக்டர் சிக்கியதும் பின் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டு, அல்லது சக்கரத்தோடு கட்டையைக் கட்டி முறுக்குவது கிராமத்து வழக்கம். இது எமனுக்கு வைக்கும் அழைப்பு. சக்கரம் சுற்ற முடியாவிட்டால், என்ஜின் பலம் வண்டியின் முன்பக்கத்தையே தூக்கும். டிராக்டர் குதிரை மாதிரி எழுந்து பின்பக்கமாக மல்லாந்து விழ சுமார் ஒன்றரை விநாடி போதும். டிரைவர் குதிக்க நேரமே இருக்காது. இங்கே என்ஜின் பலம் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

ஸ்வீடன் நாட்டில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு, கவிழ்ந்தாலும் டிரைவர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். அதன்பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது பெருமளவு குறைந்தது. நம்மூர் டிராக்டர்கள் பலவற்றில் இந்தச் சட்டம் கிடையாது.

மாட்டிக்கிட்டா செய்ய வேண்டியது

* சிக்கியதும் முதலில் டிரெய்லரைக் கழற்றுங்கள். லோடு இருந்தால் இறக்குங்கள்.

* முன்னால் போக முறுக்காமல், ரிவர்ஸில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். ரிவர்ஸில் முன்பக்கம் தூக்காது.

* சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டிச் சரிவாக்குங்கள்.

* இன்னொரு டிராக்டரை வைத்து இழுத்தால், இழுக்கும் வண்டியில் கயிறை அச்சுக்குக் கீழே, டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். மேலே மாட்டினால் அந்த வண்டியும் எழும்பும்.

* கயிறு, செயின் அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாது.

* மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள்.

ரெண்டு முறை முயன்றும் வராவிட்டால் என்ஜினை நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுவதே நல்லது. ஒரு நாள் வாடகை போனால் மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். போன உயிர் திரும்பாது.