சிவப்புப் புடவையைப் பச்சையாக்குவது எப்படி? (படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் நிறம் மாற்றுவது பற்றி)

கைத்தறிப் புடவைகளை வாட்ஸ்அப்பில் விற்கும் உறவினர் ஒருவர் கேட்டார்: "ஒரே டிசைன்ல ஆறு கலர் இருக்கு. ஒண்ண மட்டும் நல்லா போட்டோ எடுத்துட்டு, மத்த அஞ்சையும் கம்ப்யூட்டர்லயே மாத்திக்க முடியாதா?" முடியும். யூடியூபில் தேடினால் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டும் வீடியோக்கள் ஏராளம். ஆனா அவருக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வாங்கியவர் பார்சலைப் பிரிக்கும்போது படத்தில் பார்த்த நிறம்தான் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் புடவை திரும்பி வரும், கூரியர் செலவு இரண்டு பக்கமும் அவர் தலையில். இந்த நிபந்தனையைச் சேர்த்த பிறகு கேள்வி சுலபமானதாக இல்லை. அதைத் துருவிப் பார்த்ததில் கிடைத்தவைதான் கீழே.

முதலில் அடிப்படை. டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சிவப்புப் புடவையில் வெளிச்சம் விழும் இடத்தில் (190, 30, 40) என்று வைத்துக்கொள்வோம். மடிப்பின் நிழலில் அதே துணி (70, 12, 16) ஆக இருக்கும். துணி ஒன்றுதான், சாயம் ஒன்றுதான், ஆனால் எண்கள் வேறு. "சிவப்பாக இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு இந்தப் பச்சையை ஊற்று" என்று பெயிண்ட் பக்கெட் கருவியிடம் சொன்னால் மடிப்பெல்லாம் அழிந்து, பச்சை அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். மாற்ற வேண்டியது துணியின் நிறத்தை. விட்டுவைக்க வேண்டியது அதன்மேல் விழுந்த வெளிச்சத்தை. படத்தில் இரண்டும் கலந்தே பதிவாகியிருக்கின்றன.

இதைப் பிரிக்க உதவும் எளிய வழி ஹெச்எஸ்வி. ஆல்வி ரே ஸ்மித் 1978ல் சிக்ராஃப் மாநாட்டுக் கட்டுரையில் வெளியிட்ட முறை இது. (பிறகு பிக்ஸாரைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர்.) மூன்று எண்களையும் வேறு மூன்றாக மாற்றி எழுதுகிறோம். ஹியூ என்பது எந்த நிறம் என்பது, ஒரு வட்டத்தில் டிகிரியாக: சிவப்பு 0, பச்சை 120, நீலம் 240. சாச்சுரேஷன் என்பது நிறத்தின் செறிவு. வேல்யூ என்பது எவ்வளவு வெளிச்சம். மேலே சொன்ன இரண்டு பிக்சல்களையும் கணக்குப் போட்டால், வெளிச்சத்தில் இருப்பது ஹியூ 356, செறிவு 84%, வேல்யூ 75%. நிழலில் இருப்பது ஹியூ 356, செறிவு 83%, வேல்யூ 27%. முதல் இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, மூன்றாவது மட்டும் மாறியிருக்கிறது. அதாவது சாயம் முதல் இரண்டு எண்களிலும் வெளிச்சம் மூன்றாவதிலும் போய் உட்கார்ந்துவிட்டது. இனி ஹியூவை மட்டும் 120க்குத் திருப்பினால் போதும்: (30, 190, 30), நிழலில் (12, 70, 12). மடிப்புகள் பத்திரம். போட்டோஷாப், கிம்ப் எல்லாவற்றிலும் இருக்கும் ஹியூ ஸ்லைடர் செய்வது ஏறக்குறைய இதைத்தான்.

செய்து பார்த்தால் புடவை பச்சையாகும். ஆனால் விளக்குப் போட்டதுபோல் பளீரென்று இருக்கும். காரணம், ஹெச்எஸ்வியின் வேல்யூ நம் கண் உணரும் வெளிச்சம் அல்ல. மூன்று எண்களில் பெரியது எதுவோ அதுதான். கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் தெரியும். கணினித் திரைகளுக்கான கணக்கில் சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 பங்கு. இதன்படி முழு மஞ்சளும் முழு நீலமும் ஒரே வேல்யூ உடையவை என்று ஹெச்எஸ்வி சொன்னாலும், மஞ்சளின் ஒளிர்வு நீலத்தைப்போல் 13 மடங்கு. நம் சிவப்புப் பிக்சலைப் பச்சைக்குத் திருப்பியபோதும் ஒளிர்வு மூன்று மடங்காகிவிட்டது.

இதற்காகத்தான் கண்ணின் உணர்வை ஒட்டி அமைத்த நிறவெளிகள் இருக்கின்றன. 1976ல் சிஐஇ அமைப்பு வகுத்த லேப் முறை பழையது. 2020ல் பியோர்ன் ஓட்டோசன் வெளியிட்ட ஓகேலேப் புதியது. லேப் கணக்கில் நம் சிவப்பின் ஒளிர்வு 100க்கு 41, திருப்பிய பச்சையின் ஒளிர்வு 67. ஒளிர்வை 41லேயே பிடித்துவைத்துப் பச்சைக்குப் போனால் ஏறக்குறைய (20, 115, 20) வரும். கடைக்காரர் பாஷையில் பாட்டில் பச்சை.

அப்போ அதுதான் சரியான விடையா? அதுவும் தெரியாது! கடையில் இருப்பது கிளிப்பச்சையாக இருந்தால்? எவ்வளவு நல்ல நிறவெளியும் "இயல்பாகத் தெரியும் ஒரு பச்சை"யைத்தான் தரும். விற்கப்போகும் பச்சை எது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதை உண்மையான துணியிலிருந்துதான் எடுக்க வேண்டும். மாடல் புடவையைப் படமெடுக்கும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், கேமராவின் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் நிறுத்திவைத்து, மற்ற ஐந்து புடவைகளின் முந்தியையும் வரிசையாகப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இலக்கு எண்கள் அதிலிருந்து வர வேண்டும்.

நிறத்தை மாற்றுவது இவ்வளவுதான். உண்மையான வேலை எங்கே மாற்றுவது என்பதில் இருக்கிறது.

"சிவப்பைத் தேர்ந்தெடு" என்றால் புடவையோடு குங்குமம், உதடு, சிவப்புக் கல் வைத்த தோடு எல்லாம் வரும். அதைவிடப் பெரிய தலைவலி தோல். வெள்ளைத்தோலோ கருந்தோலோ, மனிதத் தோலின் ஹியூ சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில்தான் விழுகிறது. ஜரிகையும் அதற்குப் பக்கத்து வீடு. எல்லையைக் கொஞ்சம் தளர்த்தினால் மாடலின் கை பச்சையாகிவிடும். சினிமாவில் பின்னணிக்குப் பச்சைத் திரையும் நீலத் திரையும் வைப்பது ஏன் என்பது இங்கே புரியும்: வட்டத்தில் தோலிலிருந்து தூரத்தில் இருப்பவை அவை. ஆக, வேலை சுலபமாக வேண்டுமென்றால் சிவப்புப் புடவையைப் படமெடுக்கவே கூடாது.

பைத்தானில் ஓப்பன்சிவி வைத்துச் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹியூ அங்கே 0 முதல் 179 வரைதான், 360 டிகிரி ஒரு பைட்டில் அடங்காது என்பதால் பாதியாக்கியிருக்கிறார்கள். சிவப்பு வட்டம் மூடும் இடத்தில் இருப்பதால் 0க்கு மேலே கொஞ்சம், 179க்குக் கீழே கொஞ்சம் என்று இரண்டு எல்லைகள் கொடுத்துச் சேர்க்க வேண்டும். இன்னொன்று: கருப்பு, சாம்பல், வெள்ளைப் பகுதிகளில் ஹியூவை நம்பவே கூடாது. (52, 50, 50) என்றால் ஹியூ 0, சிவப்பு. (50, 52, 50) என்றால் 120, பச்சை. கண்ணுக்கு இரண்டும் ஒரே கரிய சாம்பல். கேமரா இரைச்சலில் இரண்டு எண் ஏறி இறங்கினாலே நிறம் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தாவிவிடுகிறது. ஆழ்ந்த நிழலில் மாற்றிய படங்கள் புள்ளிபுள்ளியாகத் தெரிவது இதனால்தான்.

இப்போது இதற்கெல்லாம் ஏஐ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. மெட்டா 2023ல் வெளியிட்ட செக்மென்ட் எனிதிங் மாடலில் புடவைமேல் ஒரு கிளிக் செய்தால் புடவையைப் பிரித்துக் கொடுத்துவிடும், 1.1 கோடி படங்களில் பழகியது அது. ஹியூவை வைத்துப் பிரிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனா அந்த முதல் மாடல் மாஸ்க்கை 256×256 அளவில் கணித்துப் பிறகு பெரிதாக்குகிறது. 4000 பிக்சல் அகலப் படத்தில் ஓரம் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கழுத்தோரம், விரல் இடுக்கு, தோளில் விழும் முடி, மெல்லிய முந்தானைக்குப் பின்னால் தெரியும் இடுப்பு, இங்கெல்லாம் கையால் திருத்தித்தான் ஆக வேண்டும்.

ஓரத்தில் நடப்பது என்னவென்றால், அங்கே ஒரு பிக்சல் முழுக்கப் புடவையும் இல்லை, முழுக்கத் தோலும் இல்லை. 40% புடவை, 60% தோல் என்று கலந்திருக்கும். அதனால் மாஸ்க் என்பது ஆம் இல்லை என்று சொல்லும் பட்டியலாக இல்லாமல், 0 முதல் 1 வரையிலான பங்காக இருக்க வேண்டும். 40% பங்குள்ள பிக்சலில் சிவப்பின் 40%ஐ எடுத்துவிட்டுப் பச்சையின் 40%ஐ வைக்க வேண்டும். இந்தக் கணக்கையும் கோப்பில் இருக்கும் எண்களில் நேரடியாகச் செய்யக்கூடாது. 255ல் பாதி 128 என்று தோன்றும். ஆனால் 128 காட்டும் ஒளி முழு ஒளியில் சுமார் 22 சதவீதம்தான். பாதி ஒளிக்கு எண் 188. எண்களை ஒளியின் அளவாக மாற்றி, கலந்து, திரும்ப எண்ணாக்க வேண்டும். இதைச் செய்யாத படங்களில் பச்சைப் புடவையைச் சுற்றி ஒரு கரிய கோடு ஓடும். பார்த்த உடனே போலி என்று தெரிந்துவிடும்.

ஜேபெக் வேறு தன் பங்குக்குப் படுத்தும். இடத்தை மிச்சப்படுத்த, வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்றுதான் சேமிக்கிறது. சாதாரணமாகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாது. நிறத்தை வைத்து ஓரத்தைப் பிரிக்கப் போனால் படிக்கட்டு படிக்கட்டாக வரும். வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால் இன்னொரு முறை சுருக்கப்பட்டிருக்கும். போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஏதோ இடிக்கும். தாடைக்குக் கீழே பாருங்கள். சிவப்புப் புடவையில் பட்டுத் தெறித்த வெளிச்சம் தாடையின் அடிப்பக்கத்தில் சிவப்பாகவே இருக்கும். தங்க வளையலிலும், பளபளப்பான தரையிலும் அதே சிவப்பு. பச்சைப் புடவை அணிந்தவரின் தாடை சிவப்பாகத் தெறிக்காது. அதையும் தனி மாஸ்க் போட்டு மெல்லக் குறைக்க வேண்டும்.

இதுவரை திருப்புவது பற்றிப் பேசினோம். இன்னும் நேர்மையான வழி வகுத்துப் பெருக்குவது. பிக்சலில் இருப்பது ஏறக்குறைய வெளிச்சம் பெருக்கல் துணியின் நிறம். பழைய துணியின் நிறத்தால் வகுத்தால் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். புதியதால் பெருக்கினால் புதிய புடவை. (பட்டின் பளபளப்பு மட்டும் துணியின் நிறத்தை வாங்காமல் விளக்கின் நிறத்திலேயே தெறிக்கும். இந்த இரண்டு வகைப் பிரதிபலிப்பையும் பிரித்து எழுதியவர் ஸ்டீவன் ஷேஃபர், 1985ல். ஜரிகை உலோகம் என்பதால் அதன் பளபளப்பு பொன்னிறமாகவே இருக்கும்; மாஸ்க்கில் சேர்க்காமல் விடுங்கள்.) ஆனா சிவப்புத் துணி பச்சை ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. நம் பிக்சலில் பச்சையின் 30 என்பது வெறும் 1.3 சதவீத ஒளி. அதைச் சந்தன நிறத்துக்குக் கொண்டுபோக 60 மடங்கு பெருக்க வேண்டும். உள்ளே இருந்த இரைச்சலும் 60 மடங்கு ஆகும். விழுங்கப்பட்ட ஒளி கோப்பில் இல்லை, எந்த மென்பொருளும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஏஐ கற்பனை செய்து நிரப்பும், அவ்வளவே. எதிர்த்திசையில் பிரச்சினையே இல்லை. சந்தன நிறப் புடவையிலிருந்து அரக்குக்குப் போவது வெறும் பெருக்கல். ஆறில் ஒன்றைத்தான் படமெடுப்பது என்றால், இருப்பதிலேயே வெளிறியதை எடுங்கள்.

கடைசியாக, எந்தக் கணக்குக்கும் பிடிபடாத இரண்டு விஷயம். இவை தறியில் இருக்கின்றன.

ஒன்று, மயில்கழுத்து நிறம். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். மடிப்பின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரிவது நூல்களை நாம் பார்க்கும் கோணத்தால். நாம் இதுவரை செய்ததெல்லாம் "ஒரு துணி, ஒரு ஹியூ" என்ற அனுமானத்தில் நிற்கிறது. சிவப்புப் புடவையைத் திருப்பி மயில்கழுத்து வராது. மயில்கழுத்தைத் திருப்பினால் நீலமும் பச்சையும் சேர்ந்தே திரும்பி, எந்த நெசவாளரும் பாவு போடாத ஒரு ஜோடி வரும்.

இரண்டு, கரை. "உடலை மட்டும் மாத்து, கரையை அப்படியே விடு" என்பது மாஸ்க்கில் சுலபம். கோர்வைப் புடவையில் அது சரியும்கூட. கோர்வையில் கரைக்குத் தனி ஊடை, மூன்று நாடா வைத்து நெய்து, உடலின் ஊடையோடு பின்னிக் கோர்ப்பார்கள். அதனால்தான் கரை கலப்பில்லாமல் தனி நிறமாக நிற்கிறது. கோர்வை இல்லாத புடவையில் உடலின் ஊடைதான் கரைக்குள்ளும் ஓடுகிறது. உடல் சிவப்பாக இருக்கும்போது மஞ்சள் கரையில் சிவப்பு நூல் கலந்து ஒருவித மஞ்சள். உடல் பச்சையானால் கரையின் மஞ்சளும் மாறியாக வேண்டும். படத்தில் தனித்தனிப் பகுதியாகத் தெரிவது துணியில் ஒரே நூல். கரையைத் தொடாமல் விட்ட படத்தில் இருப்பது அந்தத் தறியில் நெய்யவே முடியாத புடவை. வாங்குகிறவருக்கு இந்த விவரம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் பார்சலைப் பிரித்ததும் "கரை வேற மாதிரி இருக்கே" என்று நிச்சயம் சொல்வார்.

உறவினரின் ஆறு நிறங்களில் ஒன்று மயில்கழுத்து. அதைத் தனியாகப் படமெடுக்கச் சொன்னேன். மீதி ஐந்தும் கோர்வை இல்லாதவை என்பதால் கரைக்குத் தனி மாஸ்க், அதற்கான எண்கள் அந்தந்தப் புடவையின் கரையிலிருந்தே. மாஸ்க்குகளைத் தனித்தனி பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து வைப்பது நல்லது. ஏழாவது நிறம் நெய்து வந்தால் கழுத்தோரத்தையும் விரல் இடுக்கையும் மறுபடி திருத்த வேண்டியிருக்காது.